ஏலக்காரருக்குப் பொன்னாடை

மாட்டுச் சந்தையில் ஏலம் கூறும் ஒருவருக்கு விழா எடுத்துக் கௌரவம் செய்வார்கள் என்றால் எம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். மாட்டுத் தரகர் என்ற சொல்லையே நாம் பாதி ஏச்சாகத்தான் பாவிக்கிறோம். ஆனால் அமெரிக்காவின் கால்நடை வர்த்தகர்கள் இதைப் பல தசாப்தங்களாக முறையாகச் செய்து வருகிறார்கள். 1963 இல் தொடங்கிய உலகக் கால்நடை ஏலக்காரர் போட்டி அவற்றுள் பெயர் பெற்றது. மேடை போட்டு நடத்தும் போட்டியல்ல அது. உண்மையான சந்தையில், உண்மையான மாடுகளை, காசு கொடுக்கும் உண்மையான வியாபாரிகளுக்கு விற்றுக் காட்ட வேண்டும். வெல்பவர் அடுத்த ஓராண்டு ஊர் ஊராகச் சென்று அத்தொழிலின் சார்பில் பேசுவார்.

பார்க்கப் போகிறவர்கள் வியப்பது அந்த நாவின் வேகத்தைத்தான். அந்தச் சந்தத்தை வைத்து 1956 இல் ஒரு பாட்டே வந்து பெரும் புகழ் பெற்றது. பாடிய லீரோய் வான் டைக் ஏலம் கூறப் பயின்றவர். எனினும் எமது வாசகர்கள் வியாபாரிகள். நாம் பார்க்க வேண்டியது வேறு.

ஒரு மாடு, அல்லது ஒரு கூட்டம் மாடுகள், வளையத்துக்குள் வந்து வெளியேற அரை நிமிடமும் எடுக்காது. அதற்குள் ஏலக்காரர் தரத்தை மதித்து ஆரம்ப விலையைச் சொல்ல வேண்டும். கூட்டிச் சொன்னால் ஒருவரும் அசையமாட்டார்கள். குறைத்துச் சொன்னால் நேரமும் போகும், விற்பவரின் காசும் போகும். பிறகு ஒருவர் புருவத்தை உயர்த்துவார், இன்னொருவர் விரலை அசைப்பார். அத்தனையையும் பிடிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சோதனை ஒன்று உண்டு. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரிய கொள்வனவாளர் கிழமைதோறும் வருபவர். அவர் கோபித்துக்கொண்டு வராமல் விட்டால் சந்தையே படுத்துவிடும். மாட்டைக் கொண்டு வந்த விவசாயியோ வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவர். அவருடைய வருட வருமானம் முழுவதும் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. கமிஷன் தருபவர் விவசாயி, நாளைய வியாபாரத்தைத் தருபவர் கொள்வனவாளர். சுத்தியலை ஒரு நொடி முந்தித் தட்டினால் பெரியவருக்கு இலாபம், யாருக்கும் தெரியவும் வராது. நாற்பது வருடம் இந்த ஆசனத்தில் இருந்து, இரு தரப்பும் திரும்பத் திரும்ப வரும்படி நடந்துகொண்ட ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிட ஆள் வைப்பதும் இந்தத் தொழிலின் பழைய நோய். நஜ்ஷ் என்று எமது மார்க்கம் தடுத்திருப்பதும் அதையேதான். தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் உண்டு. அங்கே பேசுகிறவர்களுக்கு மட்டுமே விலை தெரியும். பகிரங்க ஏலத்திலோ இன்று என்ன விலை போகிறது என்பதை மூலையில் நிற்கும் சிறு விவசாயியும் தன் காதால் கேட்கிறார்.

சரி, விலை நன்றாக அமைந்தது. காசு? அமெரிக்காவில் இதற்கு 1921 ஆம் ஆண்டிலேயே சட்டம் கொண்டு வந்தார்கள். மாடு வாங்கியவர் அடுத்த வேலை நாள் முடிவதற்குள் காசைக் கட்ட வேண்டும் என்ற விதியை 1976 இல் சேர்த்தார்கள். விற்றவர்களின் பணத்தைச் சந்தை நடத்துபவர் தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். இத்தனையும் இருந்தும் 2010 நவம்பரில் இந்தியானா மாநிலத்தின் பெரிய மாட்டு வர்த்தக நிறுவனம் ஒன்றின் காசோலைகள் திரும்பி வந்தன. சுமார் 30 மாநிலங்களில் 700 க்கும் அதிகமான விற்பனையாளர்களுக்கு ஏறத்தாழ 13 கோடி டொலர் நிலுவை. அந்நிறுவனம் கட்டியிருந்த பிணை 10 இலட்சம் டொலர்கூட இல்லை. அங்கே மாட்டை விற்ற சந்தைகள் பல, தமது விவசாயிகளுக்குச் சொந்தக் கையிலிருந்து கொடுக்க நேர்ந்தது. காசு வராத வியாபாரியிடமிருந்து மாட்டையோ அதன் வருமானத்தையோ விற்றவருக்கு மீட்டுத் தரும் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் 2020 டிசம்பரில்தான் நிறைவேறியது. பத்து வருடம்!

ஆகவே கௌரவப் பட்டியல்கள் மீது எனக்கு ஒரு குறை உண்டு. இத்தனை ஆண்டு ஏலம் கூறினார், இத்தனை பரிசு வென்றார், சங்கத்துக்குத் தலைவராக இருந்தார் என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அவருடைய காசோலை ஒன்றாவது திரும்பியதா, கொள்வனவாளர் கைவிரித்தபோது விவசாயிக்கு யார் கொடுத்தார் என்று எழுதுவதைக் காண்பது அரிது. ஒவ்வொரு மாட்டின் நிறையையும் விலையையும் பிழையின்றிப் பதிந்து, அன்றைக்கே கணக்கு முடித்துக் கொடுக்கும் கிளாக்கருக்கு விழா எடுப்பாரும் இல்லை.

எமது வர்த்தகச் சங்கங்களும் வருட முடிவில் மூத்த வியாபாரிகளுக்குப் பொன்னாடை போர்த்துகின்றன. நல்ல விடயம். ஆனால் அவர்களைத் தெரிவு செய்யும்போது பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், அவருக்கு இருபது வருடம் சரக்குக் கொடுத்த கிராமத்து ஆட்கள் இரண்டு பேரையும் கேட்டுப் பார்க்கலாம். விழாவன்று மைக்கை முதலில் அவர்களிடம் கொடுக்கலாம்.