ரஷோமான் ரஷோமான்னு சொல்றீங்களே...

ஒரே சம்பவத்தை ரெண்டு பேர் மாத்திச் சொன்னால் போதும், உடனே "ரஷோமான் ஸ்டைல்" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். எங்க ஸ்ரீவில்லிபுத்தூரில் கடைக்குக் கடை 'ஒரிஜினல் பால்கோவா' போர்டு மாட்டியிருக்கிற மாதிரி. குரோசவாவை 'அந்த நாள்' காலத்திலேயே தமிழ் சினிமா கரைத்துக் குடித்துவிட்டது என்று வகுப்பில் ஒருத்தன் அடித்துச் சொல்கிறான். இல்லை ஐயா, இல்லவே இல்லை!

(முடிவுகளைச் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வரவும்.)

1950ல் வந்த 'ரஷோமான்' படத்தில் ஒரு சாமுராய் காட்டில் செத்துக் கிடக்கிறான். கொள்ளைக்காரன் "நான்தான் கொன்றேன்" என்கிறான். மனைவியோ, மயங்கி எழுந்தபோது தன் குத்துவாள் அவன் நெஞ்சில் இருந்தது என்கிறாள். செத்தவன் சாமியாடி மாதிரி ஒரு பெண் மேல் இறங்கி "நானே குத்திக்கொண்டேன்" என்கிறான். கவனிச்சீங்களா? தப்பிப்பதற்காக இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கொலைப்பழி வந்தாலும் பரவாயில்லை, மானஸ்தனாகத் தெரியணும், அவ்வளவுதான். நடுநிலை சாட்சி மாதிரி வருகிற விறகுவெட்டியும் குத்துவாளைத் திருடியதை மறைத்தவன் என்று தெரியவருகிறது. உண்மை எதுவென்று குரோசவா கடைசி வரை சொல்லவே மாட்டார்.

இப்போ 1954ல் வந்த 'அந்த நாள்'. வீணை எஸ்.பாலசந்தர் இயக்கம், ஏவி.எம் தயாரிப்பு, ஒரு பாட்டுகூடக் கிடையாது. அந்தத் துணிச்சலுக்குப் பெரிய கும்பிடு. ஆனால் இதில் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். கடைசியில் சுட்டது பண்டரிபாய், சிவாஜி தேசத்துரோகி என்று கேஸ் முடிந்துவிடுகிறது. (துரோகம் யாருக்காக? ஜப்பானுக்காக! :-)) 2004ல் வந்த 'விருமாண்டி'யிலும் பசுபதி கமலை வில்லனாக்கிக் கதை விடுகிறார், அப்புறம் கமல் சொல்வதுதான் நிஜம் என்று ஆகிறது. விருமாண்டியை நாலு தடவை பார்த்தவன் நான், குறை சொல்லவில்லை. ஆனால் ரெண்டுமே தீர்ப்பு எழுதின படங்கள். குரோசவாவிடம் கடன் வாங்கியது பாத்திரத்தை மட்டும்தான், பண்டத்தை இல்லை.

"தீர்ப்பு சொல்லலைன்னா நம்ம ஜனத்துக்குப் புரியாது" என்பார்கள். ராஜபாளையம் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். பாகப்பிரிவினையில் அடித்துக்கொண்ட அண்ணன் தம்பி ரெண்டு பேரும் "நான்தான் விட்டுக்கொடுத்தேன்" என்றுதான் சொல்வார்கள். கேட்கிறவர்கள் ரெண்டையும் நம்ப மாட்டார்கள், யார் சொல்வது நிஜம் என்றும் கேட்க மாட்டார்கள். டீயைக் குடித்துவிட்டு "ம்ம்" என்பார்கள். இந்த ஜனத்துக்கா புரியாது?

அந்த அண்ணன் தம்பியை வைத்து, முடிவு சொல்லாமல் ஒரு படம் எடுங்கள். அதை 'ரஷோமான் ஸ்டைல்' என்று சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.