மதிலூர்களும் நமது தனிப்பயணிகளும்

தமிழில் எழுத விஷயம் தீர்ந்துபோகும் போதெல்லாம் நம்மவர்கள் பயணம் கிளம்பிவிடுகிறார்கள். முன்பு வாரப் பத்திரிகைகள் அனுப்பிவைத்தன. மணியன் போனார், வாசகர்களும் கூடவே போனார்கள், யாருக்கும் அதில் ஏமாற்றமில்லை. இப்போது சிறுபத்திரிகைக்காரர்களே போகிறார்கள். புது மோஸ்தர் ஒன்றும் வந்திருக்கிறது: முன் திட்டமில்லாமல், தனியாக, தென் ஐரோப்பாவின் மதில் சூழ்ந்த பழைய ஊர்களில் அலைவது. அண்மையில் இப்படி மூன்று கட்டுரைகள் படித்தேன். மூன்றிலும் ஒருவர் பெயர் தெரியாத ஸ்டேஷனில் இறங்குகிறார். மாலை வெயில் கல்லில் விழுகிறது. மதிலைத் தொடுகிறார். காலம் உறைந்துவிடுகிறது. பிறகு காப்பி.

நான் வங்கியில் குமாஸ்தா. இந்தத் 'தற்செயல்' பயணங்களின் முதல் அத்தியாயம் என் கவுண்டரில்தான் எழுதப்படுகிறது. ஷெங்கன் விசாவுக்குச் சில மாதக் கணக்கு நகல் வேண்டும், ஒவ்வொரு தாளிலும் முத்திரையோடு. எந்த இரவு எந்த ஊரில் தங்குவது என்பதற்கு ஓட்டல் பதிவு வேண்டும், திரும்பி வருவதற்கு டிக்கெட் பதிவு வேண்டும், முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். இத்தனையும் கொடுத்து, தூதரகத்தை நம்பவைத்த பிறகே நம் நாடோடி நாடோடியாகிறார். இதில் குற்றமில்லை, எல்லோருக்கும் உள்ள சட்டம். ஆனால் கட்டுரையில் இது ஏன் ஒரு வரிகூட இல்லை? சம்பளம், விடுப்பு, கடன் என்ற சொற்களே மூன்றிலும் கிடையாது. சுதந்திரம் என்ற சொல் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அனுபவத்தின் அடித்தளத்தை மறைத்துவிட்டு அனுபவம் பற்றிப் பேசுவது இலக்கியப் பிரச்னை. ஒழுக்கப் பிரச்னை அல்ல.

அந்த மதிலையாவது பார்த்தார்களா? ஒருவர் கார்க்கஸானில் ஆயிரமாண்டுக் கல்லில் கன்னத்தை வைத்து அழுதிருக்கிறார். 1849-ல் பிரெஞ்சு அரசாங்கம் அந்தக் கோட்டையை இடிக்கச் சொன்னது. உள்ளூர்க்காரர்கள் எதிர்த்தார்கள். 1853 முதல் வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் அதைப் புதுப்பித்தார். கூம்புக் கூரைகள் அவர் கைவேலை. அந்தப் பக்கத்துக்குப் பொருந்தாதவை என்று விமர்சிக்கப்பட்டவை. அதாவது நம் நண்பர் அழுத மதிலில் கணிசமான பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கற்பனை. இதைத் தெரிந்துகொண்டு அழுதிருந்தால் அது ஒரு கட்டுரை. இன்னொருவர் டுப்ராவ்னிக்கில் 1991-ன் குண்டுகளை நினைத்துக் கலங்குகிறார். நல்லது. 1990-ல் முற்றுகைக்குள்ளான யாழ்ப்பாணக் கோட்டை அவர் நினைவின் ஓரத்தில்கூட வரவில்லை. டச்சுக்காரன் கட்டியதாயிருந்தும்!

மதிலூர் பயணம் தமிழுக்குப் புதிது என்பதுபோல் இவர்கள் எழுதுவதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. சிறுபாணாற்றுப்படையை எழுதிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். இடைக்கழிநாடு என்ற பெயர் இன்றும் பேரூராட்சிப் பலகையில் இருக்கிறது; கடப்பாக்கம் அதற்குள்தான். அவர் பாணனை அனுப்பும் வழியைப் பாருங்கள்: எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், முடிவில் கிடங்கில். எயில் என்றால் மதில். கிடங்கு என்றால் அகழி. முதல் ஊரின் பேரில் மதில், கடைசி ஊரின் பேரில் அகழி. எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம் என்பார்கள், கிடங்கில் திண்டிவனத்தில். எல்லாம் ஒரு நாள் பஸ் பயணம்.

ஊர்கள் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பாட்டில் பயணத்தின் காரணம் மறைக்கப்படவில்லை. கண் திறக்காத குட்டிகளை ஈன்ற நாய் குரைக்கிற, கூரை இற்ற அடுக்களை. உப்பில்லாமல் வெந்த கீரை. பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துவிட்டு உண்ணும் குடும்பம். இதைச் சொல்லிவிட்டுத்தான் வள்ளலின் பெருமை. பாணனின் கணக்கு நகல் முத்திரையோடு நம் கையில் கொடுக்கப்படுகிறது. போகும் வழியில் யார் என்ன தருவார்கள் என்பதும் இருக்கிறது: நெய்தலில் கள்ளும் சுட்ட மீனும், முல்லையில் புளிச்சோறும் இறைச்சியும், மருதத்தில் வெண்சோறும் நண்டும். சொல்பவன் தன்னைப் பற்றிப் பேசுவது கொஞ்சம்தான். பேச்சு முழுக்க எதிரே நிற்பவனை நோக்கி. நம் தனிப்பயணியிடம் எதிரே நிற்பவர் யாருமில்லை. கண்ணாடி இருக்கிறது. ஏ. கே. செட்டியார் உலகையே சுற்றியவர். அவர் பக்கங்களில் அவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடப்பாக்கத்துக்குக் கிழக்கே, கழிமுகத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்பும். முகலாயர் கால முடிவில் எழுந்தது. 1750-ல் டூப்ளேயிடம் வந்தது, 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து உடைத்தார்கள். நாணயச் சாலை இருந்த இடம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வரும் ஊர். 2004 சுனாமி மிச்சத்தில் கொஞ்சம் கொண்டுபோனது. இங்கே புதுப்பித்த கூம்புக் கூரை கிடையாது. மதில் எங்கே உடைந்ததோ அங்கே உடைந்தே கிடக்கிறது. உள்ளிருக்கும் செங்கல்லின் அடுக்கு தெரிகிறது. இதைப் பற்றி நம் இலக்கியத்தில் நான் படித்த நவீன வரி ஒன்றுமில்லை. சினிமா எடுப்பவர்களுக்கு மட்டும் இடம் தெரியும். நான் தனியாகப் போனபோது வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டது: "ஷூட்டிங்கா சார்?" இல்லை என்றேன். "அப்ப யார் வூட்டுக்கு வந்தீங்க?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இவர்கள் ஐரோப்பாவுக்கு ஓடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காததைச் சுதந்திரம் என்று எழுதலாம். மூவரில் ஒருவர் பெண். அவருடைய வாதத்தை மட்டும் நான் தள்ளத் தயாரில்லை. ஆலம்பரையில் ஒரு பெண் மாலை ஆறு மணிக்குத் தனியாக மதில் மேல் உட்கார முடியாது, லூக்காவில் முடிகிறது. இதை அவர் ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு மாலை வெயிலுக்குத் திரும்பிவிடுகிறார். அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டிய கட்டுரை அது. மற்ற இருவருக்கும் அந்தச் சாக்கும் இல்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிற பஸ் கடப்பாக்கத்தில் நிற்கும். நிறுத்தத்திலிருந்து ஆட்டோ கிடைக்கும், நடந்தும் போகலாம். பெரியவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.