சாவியைத் திருகியது யார்?

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் கார்கள் வரிசைகட்டி ஏறி நின்றன. அபராதம் போட்டால் போடட்டும் என்றார்கள் உரிமையாளர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023இன் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் அவர்கள். கையில் பாலிசி இருந்தும் பாலத்தைத்தான் நம்பினார்கள்.

நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. முழுக் காப்பீடு எடுத்த காருக்கு வெள்ளச் சேதத்துக்கான இழப்பீடு உண்டு. சீட், ஒயரிங் வரை பேச்சுவார்த்தை சுமுகமாகவே போகும். இன்ஜினைத் தொட்டதும் தகராறு தொடங்கும். "தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்திருக்கிறீர்கள், இது வெள்ளத்தால் வந்த சேதமல்ல, அதன் பின்விளைவு" என்று கடிதம் வரும். ஷோரூமில் "பம்பர் டு பம்பர், எல்லாம் கவர் ஆயிடும் சார்" என்று விற்றவர் அப்போது போனை எடுக்கமாட்டார்.

ஒர்க்‌ஷாப்பில் அந்த இன்ஜினைப் பிரித்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கும். ஓடாமல் நின்ற இன்ஜினில் அது வளையாது என்பது சரிதான். ஆனால், சுரங்கப்பாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார் தண்ணீரை உறிஞ்சினாலும் ராட் வளையும். காற்றை அழுத்துவதுபோல் பிஸ்டனால் தண்ணீரை அழுத்த முடியாது. ஏதாவது ஒன்று வளைந்துகொடுத்தாக வேண்டும். வண்டி நின்றுபோன பிறகு யாராவது சாவியைத் திருகினார்களா என்பதை அந்த இரும்பை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நிராகரிப்புக் கடிதங்களோ சொல்லிவிடுகின்றன.

50,000 ரூபாயைத் தாண்டிய வாகன சேதத்துக்கு உரிமம் பெற்ற சர்வேயரின் மதிப்பீடு தேவை. அவரை நியமிப்பதும் அவருக்குக் கட்டணம் தருவதும் காப்பீட்டு நிறுவனம். அறிக்கையும் அங்கேதான் போகிறது. நகலைக் கேட்டு வாங்கலாம் என்பதே பல உரிமையாளர்களுக்குத் தெரியாது. சர்வேயரின் அறிக்கை இறுதி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009இலேயே சொல்லிவிட்டது. ஆனால் கண்ணில் படாத அறிக்கையை மறுத்து எதை எழுதுவது?

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. 'இன்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பை, பிரீமியம் குறையட்டும் என்று வேண்டாமென்று சொல்லிவிட்டு, சீட் நனையும் தண்ணீரில் நாலு முறை ஸ்டார்ட் செய்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக மற்றவர்களின் பிரீமியம் ஏன் ஏற வேண்டும்? அவர்களுக்கு மறுக்கட்டும். ஆனால் 'ஸ்டார்ட் செய்தார்' என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சர்வேயரின் அறிக்கையும் படங்களும் நிறுவனத்துக்குப் போகும் அதே நாளில், கேட்காமலே, உரிமையாளருக்கும் வர வேண்டும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் நாள் கணக்கை இறுக்கியது: சர்வேயரை நியமிக்க 24 மணி நேரம், அறிக்கைக்கு 15 நாள், அதன்பின் முடிவுக்கு 7 நாள். வரவேற்கிறோம். ஆனால் மறுப்பு வேகமாக வந்து சேர்வதால் மட்டும் உரிமையாளருக்கு என்ன லாபம்?

மறுக்கப்பட்டவர்கள் நேரே வக்கீலைத் தேட வேண்டியதில்லை. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க முடியும். அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களைக் கட்டுப்படுத்தாது, பிறகும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். முதலில் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் மட்டும் இந்தக் கதவு மூடிவிடும். இத்தனையையும் நிராகரிப்புக் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே, தமிழில், அச்சிட நிறுவனங்களுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிடட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வர வேண்டிய உத்தரவு அது.