ஒரு வேலைக்கு ஒரு பெயர்

கொல்லிமலையில் சாமை குறைந்து மரவள்ளி பரவ, அடிவாரத்து ஜவ்வரிசி ஆலைகள் தந்த கைக்காசு ஒரு காரணம் என்றால், சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் பாடு இன்னொரு காரணம். அந்தப் பாட்டைக் குறைக்கத்தான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்களில் சிறு அரவை இயந்திரங்களைக் கொண்டுவந்தது. மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தின. 2009-இல் குழுக்கள் சேர்ந்து கூட்டமைப்பாகவும் ஆயின. சிறுதானிய விதை வங்கிகளைப் பற்றியும் இந்த இயந்திரங்களைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. அரைப்பவரும் விற்பவரும் கூட்டாளிகள் ஆனபின் வேலையை எப்படிப் பிரித்து எழுதிவைப்பது என்பதைத்தான் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

சாமையையே பாருங்கள். காயவைக்க வேண்டும், கல் நீக்க வேண்டும், உமி நீக்கிப் புடைக்க வேண்டும், எடைபோட்டுக் கட்டி எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிக் கீழே அனுப்ப வேண்டும். உமியோடு இருக்கும்வரை சாமை நெடுநாள் தாங்கும். உமி போனபின் தவிட்டிலுள்ள எண்ணெய் காற்றுப்பட்டுக் காறல் வாடை அடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே, எந்த நாளில் உமி நீக்குவது என்பதை விற்பனைதான் தீர்மானிக்க வேண்டும். கீழே ஒருவர் போனில் ஆர்டர் வாங்கி, மேலே இன்னொருவர் அதை அறியாமல் அரைத்தால் சரக்கும் வீண், உறவும் வீண். கூட்டாண்மைச் சட்டம் (1932) வேறு, தொழில் சம்பந்தமாக ஒரு கூட்டாளி கொடுத்த வாக்கு நிறுவனத்தையே கட்டுப்படுத்தும் என்கிறது. எனவே வாக்குக் கொடுத்த அன்றே அது இருவர் கண்ணிலும் படும் இடத்தில் ஏறியாக வேண்டும்.

நம் குழுக்கள் பஞ்ச சூத்திரத்தைத் தலைகீழாகச் சொல்லும்: கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை, கணக்கேடு. யார் எந்த வேலையை எப்போது முடிப்பது என்பது அதில் இல்லை. தீர்மானப் புத்தகத்தில் 'குழுவே பார்த்துக்கொள்ளும்' என்று எழுதுவதோடு சரி. பல பேர் சேர்ந்தால் பாம்பு சாகாது என்பார்கள். 'குழு' என்று எழுதிய வேலைக்கும் அதே கதிதான். 'சாமை இரண்டு மூட்டை, கல் நீக்கல், செவ்வாய் மாலைக்குள்' என்று எழுதி, எதிரில் ஒரே ஒரு பெயரைப் போடுங்கள். உதவிக்குப் பத்துப் பேர் வரட்டும், பதில் சொல்பவர் ஒருவராக இருக்க வேண்டும்.

பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. காலை வணக்கங்களுக்கு நடுவே அது மேலே போய் மறைந்துவிடும். மலையில் சிக்னல் இல்லாத வளைவுகளும் உண்டு. அரவைக்கூடச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கட்டும். தினமும் அதைப் படம் எடுத்துக் கீழே இருக்கும் கூட்டாளிக்கு அனுப்புங்கள். அவர் வாங்கிய ஆர்டர் அன்றே பலகையில் ஏறட்டும். இரண்டு பட்டியல் வைத்தால் இரண்டும் பொய்யாகும்.

இன்னொன்றும் உண்டு. முடிந்த வேலையை அடிக்கும் உரிமையை, செய்தவரிடம் இல்லாமல் அடுத்து வாங்கிக்கொள்பவரிடம் கொடுங்கள். கல் நீக்கியதை உமி நீக்குபவர் அடிக்கட்டும், கட்டியதை வண்டியில் ஏற்றுபவர் அடிக்கட்டும். கையில் அள்ளிப் பார்த்து, கல் தட்டுப்பட்டால் அந்த வரி பலகையிலேயே நிற்கும்.