பேங்க்குக்கு 3 நாள், உங்க கம்பெனிக்கு மட்டும் 13 நாளா?

முதல்ல ரெண்டு நம்பர் சொல்லிடறேன். பிஎஃப் கணக்கோட உங்க பேங்க் அக்கவுண்டை இணைக்கும்போது, அந்த அக்கவுண்ட் உங்களோடதுதானான்னு பேங்க் சரிபார்க்க சராசரியா 3 நாள் ஆச்சு. அதுக்கப்புறம் உங்க கம்பெனி அதை அப்ரூவ் பண்ண சராசரியா 13 நாள். இது ஏப்ரல் 2025-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகமே வெளியிட்ட கணக்கு. அந்தச் சமயத்தில் கம்பெனிகள் கையில் மட்டும் கிட்டத்தட்ட 15 லட்சம் விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன.

பேங்க் ஏற்கெனவே சரின்னு சொன்ன விஷயம் இது. கம்பெனி புதுசா பார்க்க அதில் எதுவுமே இல்ல. ஒரு பட்டனை அமுக்கணும். அதுக்கு 13 நாள்!

டவுன்ஹால் மீட்டிங்ல எல்லா கம்பெனியும் 'டிஜிட்டல் மாற்றம்'னு ஸ்லைடு போடறாங்க. என்னைக் கேட்டா, ஒரு நிறுவனம் நிஜமாவே மாறிடுச்சான்னு தெரிஞ்சுக்க அதோட ஆப்பைப் பார்க்காதீங்க. உங்க வேலை முடிய நடுவுல எத்தனை பேர் கை வைக்கணும், அது குறைஞ்சிருக்கான்னு பாருங்க. இதுக்கு நான் எடுத்துக்கிற உதாரணம், நாம எல்லாரும் திட்டித் தீர்க்கிற இபிஎஃப்ஓ.

2014-ல் யூஏஎன் வந்தது. கம்பெனி மாறினாலும் ஒரே நம்பர். நல்ல ஆரம்பம்தான். ஆனா அதுக்கப்புறம் பல வருஷம் நடந்தது என்ன? பேப்பர் ஃபாரம் அப்படியே ஸ்க்ரீனுக்கு வந்தது, அவ்வளவுதான். பேங்க்கே சரிபார்த்த அக்கவுண்டுக்கும் பேர் அச்சடிச்ச செக் லீஃபை போட்டோ எடுத்து அப்லோடு பண்ணணும். போட்டோ மங்கலா இருந்தா ரிஜெக்ட். பேர்ல ஒரு எழுத்து மாறினா ரிஜெக்ட். 2022-23-ல் ஃபைனல் செட்டில்மென்ட் கேட்டவங்கள்ல ஏறக்குறைய 3-ல் ஒருத்தருக்கு விண்ணப்பம் திரும்பி வந்தது. ஆன்லைன்ல இருந்தா மட்டும் வேலை ஆகிடாது பாருங்க.

இந்தப் பேர் விஷயத்துல அதிகமா மாட்டறது நம்ம ஊர்க்காரங்கதான். நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். ஸ்கூல் சர்டிபிகேட்ல 'எஸ். கார்த்திக்'. ஆதார்ல 'கார்த்திக் எஸ்'. பான் கார்டுல இனிஷியலை விரிச்சு 'கார்த்திக் சுப்பிரமணியன்'. பேங்க்ல புள்ளி இல்லாம 'எஸ் கார்த்திக்'. நமக்கு நாலும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு நாலு பேர். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு கட்டம் போட்ட ஃபாரத்துல, கடைசிக் கட்டத்தில் அப்பா பேரை எழுதி நாமும் அப்பாவும் சேர்ந்து ஒரு ஆளா மாறினது எத்தனை தடவை!

எனக்கு நடந்ததைச் சொல்றேன். வேலை மாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு ஆபரேஷன். மருத்துவச் செலவுக்கு பிஎஃப் அட்வான்ஸ் போடலாம்னு உள்ளே போனா, பிஎஃப்ல இனிஷியல் விரிஞ்சிருக்கு, ஆதார்ல சுருங்கியிருக்கு. திருத்தம் போட்டேன். பழைய கம்பெனி டிஜிட்டல் கையெழுத்து போட்டு அனுப்பணும். அந்த யூஎஸ்பி டோக்கன் யார் பேர்ல இருந்ததோ அவர் வேலையை விட்டுட்டார். புது டோக்கன் வாங்கணும்னு அக்கவுண்ட்ஸ்ல சொன்னாங்க, ஹெச்ஆர்ல கேட்டா அக்கவுண்ட்ஸைக் கேளுங்கன்னாங்க. லீவுக்கும் சம்பள ஸ்லிப்புக்கும் அழகான மொபைல் ஆப் வெச்சிருந்த கம்பெனிதான் அது. திருத்தம் முடிய நாலு மாசம். அதுக்குள்ள பர்சனல் லோன் போட்டு ஆஸ்பத்திரி பில் கட்டி, மூணு இஎம்ஐ-யும் போயிடுச்சு. என் பணம் வட்டியோட ஒரு இடத்துல தூங்குது, நான் இன்னொரு இடத்துல அதைவிட அதிக வட்டி கட்டறேன்.

அதனாலதான் இபிஎஃப்ஓ பின்னாடி செஞ்சதை நான் பெருசா பேசறேன். ஜனவரி 2025-ல் விதியை மாத்தினாங்க. உங்க யூஏஎன் 1 அக்டோபர் 2017-க்குப் பிறகு வாங்கினது, ஆதார் மூலம் சரிபார்க்கப்பட்டதுன்னா, பேர், பிறந்த தேதி மாதிரி விவரங்களை நீங்களே திருத்தலாம். டாக்குமென்ட்டும் வேண்டாம், கம்பெனி ஒப்புதலும் வேண்டாம். ஏப்ரல் 2025-ல் செக் லீஃப் போட்டோ போச்சு. பேங்க் இணைப்புக்கு கம்பெனி ஒப்புதலும் போச்சு, அந்த 13 நாளும் அதோட போச்சு. மனுஷங்க தொடாமலே கம்ப்யூட்டர் பாஸ் பண்ற அட்வான்ஸுக்கு வரம்பு 50,000 ரூபாயா இருந்தது. 2024-ல் 1 லட்சம், ஜூன் 2025-ல் 5 லட்சம். இப்படி ஆட்டோவா முடிஞ்ச அட்வான்ஸ் 2023-24-ல் 89.52 லட்சம், 2024-25-ல் 2.34 கோடி.

இதுல புது தொழில்நுட்பம் பெருசா எதுவும் இல்ல. ஆதார் முன்னாடியே இருந்தது, பேங்க் சரிபார்ப்பும் இருந்தது. "ஏற்கெனவே தெரிஞ்சதை எதுக்கு மறுபடி கேட்கறோம்?"னு யாரோ உள்ளே உட்கார்ந்து கேட்டிருக்காங்க. பெரும்பாலான தனியார் கம்பெனிகள் இன்னும் கேட்காத கேள்வி அது. சாஃப்ட்வேருக்குக் காசு கொட்டறாங்க, அப்ரூவல் சங்கிலியில ஒரு கண்ணியைக்கூட கழட்ட மாட்டேங்கறாங்க. கழட்டினா அந்த மேனேஜருக்கு வேலை என்னன்னு கேள்வி வருமே!

இபிஎஃப்ஓ சொர்க்கம் ஆயிடுச்சுன்னு சொல்லல. போர்ட்டல் இன்னும் அப்பப்போ படுத்துக்குது. இன்னொரு கவலையும் இருக்கு. பணம் எடுக்கறது கஷ்டமா இருந்ததாலேயே பல பேர் பிஎஃப்ல கை வைக்காம இருந்தாங்க. 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்த பணம் அது. மூணு நாள்ல வருதுன்னு போனுக்கும் கோவா ட்ரிப்புக்கும் எடுத்தீங்கன்னா, தப்பு போர்ட்டல் மேல இல்ல. வேலையை விட்டதும் மொத்தமா எடுக்கறவங்களும் கவனிங்க. 5 வருஷ சர்வீஸ் முடியாம எடுத்தா வரி வரும். புது கம்பெனிக்கு மாத்திட்டா பழைய சர்வீஸும் சேர்ந்து கணக்காகும்.

வேலை மாறப்போறீங்கன்னா, ரிசைன் பண்றதுக்கு முன்னாடி ஆதார், பான், பேங்க், யூஏஎன் நாலையும் பக்கத்துல வெச்சு பேரை எழுத்துக்கு எழுத்து பாருங்க. யூஏஎன் 2017 அக்டோபருக்கு முன்னாடி வாங்கினதுன்னா திருத்தம் இன்னும் கம்பெனி வழியாதான் போகணும். நோட்டீஸ் பீரியட்ல இருக்கும்போது ஹெச்ஆர் உங்க மெயிலுக்குப் பதில் போடுவாங்க, வெளியே வந்தா அது உறுதியில்ல. வெளியே வந்தப்புறம் கம்பெனி எக்ஸிட் டேட் போடலைன்னா, கடைசிப் பங்களிப்பு வந்து 2 மாசம் கழிச்சு ஆதார் ஓடிபி வெச்சு நீங்களே போட்டுக்கலாம்.

அந்த எக்ஸிட் டேட் ஆப்ஷன் மெனுவுல 'மேனேஜ்' உள்ள 'மார்க் எக்ஸிட்'ங்கிற பேர்ல இருக்கு. முதல் தடவை தேடினப்போ எனக்கே கண்ணுல படல. ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கோட இந்த வார வீடியோல காட்டறேன்.