கத்தரியும் மரமும்

மரத்தை ஆழமற்ற தொட்டியில் நட்டு, கிளையையும் வேரையும் அளவறிந்து நறுக்கிப் பல்லாண்டுகள் குறுகிய உருவில் வளர்க்கும் கலையைப் போன்சாய் என்பர். சீனத்தில் தோன்றி ஜப்பானில் செழித்த கலை இது. ஓங்கி வளரவேண்டிய மரத்தைத் தொட்டியில் அடைப்பது கொடுமையன்றோ என வினவுவார் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், மரத்தின் இயல்பறியாத கை செய்யும் பிழைக்குக் கத்தரியைப் பழித்தல் முறையாகாது. தேயிலை என்னும் பெயரைத் தாங்கிய இருவகை மரங்கள் இதனைத் தெளிவாகக் காட்டும்.

நீலகிரித் தோட்டங்களில் இடுப்பளவு நிற்கும் தேயிலைச் செடி உண்மையில் மரமே. வெட்டாது விட்டால் பல மீட்டர் உயர்ந்துவிடும். கொழுந்து கைக்கெட்டும் உயரத்தில் இருத்தல் வேண்டும் என்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை வெட்டித் தாழ்த்துவர். தோட்டத்தார் இதனைக் கவாத்து என்பர். கவாத்து முடிந்த மலைச்சரிவைக் காண்போர் நெஞ்சம் துணுக்குறும்; எங்கும் வெறுங்குச்சிகளே நிற்கும். ஆயின், சில வாரங்களில் அக்கட்டைகளிலிருந்தே புதுத்தளிர் கிளம்பும்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வளரும் ‘தேயிலை மரம்’ முற்றிலும் வேறு இனம். லெப்டோஸ்பெர்மம் என்பது அதன் தாவரவியற் பெயர். 1773ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் டஸ்கி சவுண்டு என்னும் கடற்கழியில் தங்கிய கப்பல்தலைவர் குக்கின் குழுவினர், இவ்வின மரத்தின் இலையைக் காய்ச்சித் தேநீராகப் பருகினர். அவ்வழக்கத்தால் வந்த பெயரே இது. சிற்றிலையும், ஐந்திதழ் வெண்மலரும், முதுமைத் தோற்றம் தரும் உரிபட்டையும் உடைமையால் போன்சாய் வளர்ப்போர் இதனைப் பெரிதும் விரும்புவர்.

நீலகிரிக் கவாத்தை இம்மரத்திடம் காட்டினால் வெட்டுண்ட கிளை பட்டுப்போகும். முதிர்ந்த வெறுங்கட்டையிலிருந்து இது பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. ஆதலின் அறிந்தோர், பூத்து ஓய்ந்தபின் பசுங்குருத்துகளை மட்டும் நறுக்கி, ஒவ்வொரு கிளையிலும் சில இலைகளேனும் எஞ்சுமாறு விடுவர். வேரையும் சிறிது சிறிதாகவே குறைப்பர். தொட்டி மண் ஒருமுறை முற்றும் காய்ந்தாலும் மரம் பிழைத்தல் அரிது. அடிக்கடி வெளியூர் செல்வோர் இதனை வளர்க்காதிருப்பதே நலம்!

இனி, வடிவம். ஜப்பானியப் பைன் மரத்தின் உருவை இதன்மேல் திணிக்க முயல்வோர் உண்டு. அது வீண் உழைப்பு. விக்டோரியா மாநிலக் கடற்கரையில் உப்புக்காற்று ஓயாது அறைவதால், கடலோரத் தேயிலை மரம் தண்டு முறுக்கிச் சாய்ந்து, சிலவிடத்து மணல்மேல் படுத்தும் வளர்கின்றது. தொட்டியில் வளர்ப்போர்க்கு அதனினும் சிறந்த மாதிரி வேறில்லை. கான்பெரா நகரின் தேசிய மரப்பூங்காவிலுள்ள போன்சாய்த் தொகுப்பில், அயல்நாட்டு மரங்களோடு ஆஸ்திரேலிய மண்ணுக்குரிய மரங்களும் இன்று வரிசையில் நிற்கின்றன.