கணவாய்ப் பயணம்: திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

சனி, ஞாயிறோடு ஒரு லீவு சேர்ந்து வந்தால் போதும். தூத்துக்குடியில் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்து, ஒரு கார் பிடித்து மலை ஏறத் திட்டம் போட்டுவிடுவார்கள். திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ராத்திரி வேலை முடிந்ததும் கிளம்ப வேண்டியது, விடிவதற்குள் குற்றாலம், அப்புறம் செங்கோட்டை, ஆரியங்காவு கணவாய் வழியாகப் பாலருவி, தென்மலை, முடிந்தால் கொல்லம் கடற்கரை, அன்றைக்கே வீடு. பேப்பரில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் வரும். எழுதாமல் விட்டது ஒன்றுதான்... வண்டி ஓட்டுகிறவர் எப்போது தூங்குவார்?

கணவாய்ப் பயணம் கெட்டுப்போவது மலையில் அல்ல, திட்டம் போடும்போதே. எல்லோரும் கிளம்பும் நேரத்தை எழுதுகிறார்கள். திரும்பும் நேரத்தை யாரும் எழுதுவதில்லை. உண்மையில் அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

"இதென்ன லடாக்கா? பக்கத்து மலைதானே" என்று சிலர் கேட்கலாம். அங்கேதான் தவறு. லடாக் போகிறவர்கள் ஆறு மாதம் யோசிக்கிறார்கள், வண்டியைச் சரிபார்க்கிறார்கள், உடம்பைப் பழக்குகிறார்கள். பக்கத்து மலைக்குப் போகிறவர்கள் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி, ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை வழியாகத் தென்மலை ஏறக்குறைய 140 கிலோமீட்டர். செங்கோட்டை வரை சமவெளி. புளியரை தாண்டியதும் சாலை வளைந்து ஏறத் தொடங்குகிறது. அதுவரை பழகிய வேகம் அங்கே உதவாது.

இந்தச் சாலை சுற்றுலாவுக்காகப் போட்டதும் அல்ல. தமிழ்நாட்டையும் தென் கேரளத்தையும் இணைக்கும் சரக்குப் பாதை. பகலும் இரவும் பாரம் ஏற்றிய லாரிகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 2024 பிப்ரவரியில் கேரளத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பிளைவுட் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாரி, புளியரை எஸ் வளைவு அருகே நள்ளிரவுக்குப் பிறகு சாலையை விட்டு விலகிக் கீழே இருந்த ரயில் பாதையில் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். பக்கத்தில் குடியிருந்த வயதான தம்பதி சத்தம் கேட்டு ஓடிவந்து, டார்ச் விளக்கை ஆட்டி அந்த வழியாக வந்த ரயிலை நிறுத்தினார்கள். தமிழக அரசு அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. பரிசுச் செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. லாரி விழுந்த நேரம் யாருக்கும் நினைவில்லை. அது, தூத்துக்குடி நண்பர்கள் "டிராஃபிக் இருக்காது" என்று ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கும் அதே நேரம்.

இரவில் போவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. பார்க்கப் போன மலையையே பார்க்க முடியாது. பாலருவி எக்ஸ்பிரஸ் 2024 ஆகஸ்டில் தூத்துக்குடி வரை நீட்டிக்கப்பட்டது. அருவியின் பெயரைத் தாங்கிய ரயில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஆனால் போகும்போதும் வரும்போதும் அது மலையைக் கடப்பது இருட்டில்தான். காரிலும் அப்படியே போவதென்றால் கார் எதற்கு? ரயிலில் படுத்துத் தூங்கிக்கொண்டே போய்விடலாமே.

பகலில் போனால் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. தென்காசியைத் தாண்டியதும் பிரானூர் பார்டர். பரோட்டாவுக்காக வண்டியை நிறுத்துகிறவர்கள், இங்கே என்ன பார்டர் என்று கேட்பதில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர், திருக்கொச்சி ஆட்சியில் இருந்தது. எல்லை மலைக்கு மேலே கோட்டைவாசலுக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் கீழேயே தங்கிவிட்டது. மேலே கழுதுருட்டி அருகே சாலையை ஒட்டிப் பதிமூன்று கண் ரயில் பாலம். கொல்லம் பக்கம் 1904-ல் முதல் ரயில் ஓடியபோது அதன் என்ஜின் மலைவழியாக வரவில்லை, தூத்துக்குடியில் பாகம் பாகமாகக் கப்பலேற்றிக் கடல்வழியாகக் கொண்டுபோனார்கள் என்று இன்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் இந்த மலை அப்படி ஒரு தடையாக இருந்தது.

காற்றையும் கவனிக்கலாம். ஆனி, ஆடியில் தூத்துக்குடிக் கடற்கரையில் மண்ணை வாரி அடிக்கும் கச்சான் காற்று, மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, தென்காசியில் சாரலாகத் தூவிவிட்டு, வெறுங்கையோடு கீழே இறங்கும் காற்றுதான். அது வறண்டு வருவதால்தான் உப்பளத்தில் உப்பு விளைகிறது. கோட்டைவாசலுக்கு இந்தப் பக்கம் காய்ந்த வயல், அந்தப் பக்கம் பச்சைக்காடு என்று அரை மணி நேரத்தில் நிலம் மாறுவதைப் பார்ப்பதற்கே ஒரு நாள் செலவழிக்கலாம்.

சரி, எப்படித் திட்டம் போடுவது? முந்தின இரவு எல்லோரும் தூங்க வேண்டும், முக்கியமாக ஓட்டுகிறவர். காலை 5 மணிக்குக் கிளம்பினால் 8 மணிக்குள் செங்கோட்டை. அங்கேயே சாப்பாடு, பெட்ரோல், டயர், பிரேக் எல்லாம் முடித்துவிட வேண்டும். பிறகு பாலருவி அல்லது தென்மலை அணை, இரண்டில் ஒன்று போதும். பாலருவியில் வெள்ளம் என்றால் விடமாட்டார்கள், எனவே கேட்டுவிட்டுப் போவது நல்லது. தென்மலையிலிருந்து பிற்பகல் 2 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். பாதி பார்த்திருந்தாலும் சரி, திரும்ப வேண்டியதுதான். அப்போதுதான் வெளிச்சம் இருக்கும்போதே புளியரை வளைவுகளை இறங்கி முடிக்க முடியும்.

இறங்கும்போது கியரைக் குறைத்து இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும். பாரத்தோடு ஏறும் லாரி நின்றுவிட்டால் மறுபடி நகர்வது கஷ்டம். வளைவில் நிறுத்தி போட்டோ எடுப்பது கூடவே கூடாது. கொண்டுபோன பிளாஸ்டிக்கைக் காட்டில் போடாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

பண்பொழி, மேக்கரை வழியாக அச்சன்கோவில் போகும் காட்டுச் சாலையும் சிலரை இழுக்கும். அழகான வழிதான். ஆனால் ஆள் நடமாட்டம் குறைவு, வண்டி நின்றால் உதவி சீக்கிரம் கிடைக்காது. ஆரியங்காவு வழியை ஒரு முறையாவது நேரத்துக்குத் திரும்பி வந்தவர்கள் மட்டும் அதை யோசிக்கலாம்.

பத்து இடம் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது? பாதி இடங்களில் பின்சீட்டில் மூன்று பேரும் தூங்கிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அடுத்த முறை திட்டம் போடும் பேப்பரில் முதல் வரியாக "தென்மலை, 2 மணி, திரும்புதல்" என்று எழுதட்டும். மிச்சத்தை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம். நேரம் போதவில்லை என்றால் கொல்லம் கடற்கரையை அடித்துவிடலாம். கடற்கரைதான் தூத்துக்குடியிலேயே இருக்கிறதே!